கோழிக்கறியைத் திருப்பி அனுப்பிய பஸ் டிரைவர்! தக்காளி சூப்பை ஊற்றிக் கொடுத்த ஓட்டல் முதலாளி!!

டூட்டி முடிந்து பசியோடு வந்த பஸ் டிரைவர் ஒருவர் ஓட்டலில் கோழிக்கறி கேட்டார். வந்த கறி வறண்டு கிடந்தது. தட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஓட்டல் முதலாளி கோபப்படவில்லை. தான் குடித்துக்கொண்டிருந்த தக்காளி சூப்பைப் பார்த்தார். "இதையே ஊற்றினால் என்ன?" என்று அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

அந்த யோசனைக்கு, பிறகு பார்லிமெண்டு வரை மவுசு வந்தது!

இந்த ருசிகரமான சம்பவம் நடந்த இடம், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். காலம், 1970-களின் தொடக்கம். அந்தத் தட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் பதார்த்தம்தான், இன்று உலகம் முழுவதும் ஓட்டல்களில் விற்கும் "சிக்கன் டிக்கா மசாலா."

அதன் விவரம் வருமாறு:-

கண்ணாடி மாளிகை

அந்த ஓட்டல் முதலாளியின் பெயர் அலி அகமது அஸ்லம். பாகிஸ்தானில் பிறந்தவர். சிறு பையனாக இருக்கும்போதே குடும்பத்தோடு கிளாஸ்கோவுக்குப் போய்விட்டார். வாடிக்கையாளர்கள் அவரை "மிஸ்டர் அலி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

1964-ல் கிளாஸ்கோ நகரின் மேற்குப் பகுதியில் அவர் ஒரு ஓட்டல் திறந்தார். அதற்கு "ஷீஷ் மஹால்" என்று பெயர் வைத்தார். கண்ணாடி மாளிகை என்று அர்த்தம். லாகூர் கோட்டையில் மொகலாயர் கட்டிய மாளிகை ஒன்றுக்கும் இதே பெயர்தான்.

பெயரில்தான் மாளிகை. தொழில் என்னவோ, அடுப்படியில் நின்று வேர்க்க வேர்க்கப் பார்க்கிற தொழில்தான்.

வெளியூரிலிருந்து போய்க் கடை போட்டவன் நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளூர்க்காரனின் நாக்குக்குப் பிடித்தால்தான் கல்லாவில் காசு விழும். பிடிக்கவில்லை என்றால் அவன் பேசாமல் எழுந்து போவான். மறுநாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

மழை இரவு

அன்றைக்கு நடந்ததை அஸ்லத்தின் மகன் 2013-ல் பி.பி.சி. டெலிவிஷனின் சமையல் நிகழ்ச்சி ஒன்றில் சொன்னார்.

கிளாஸ்கோவில் வழக்கம்போல இருட்டும் மழையுமான ஒரு இரவு. வேலை முடிந்த பஸ் டிரைவர் ஒருவர் ஓட்டலுக்குள் வந்து உட்கார்ந்தார். கோழிக்கறி கொண்டுவரச் சொன்னார்.

கறி வந்தது. ஒரு வாய் வைத்தார். வறட்டு வறட்டென்று இருந்தது. சர்வரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஓட்டலில் சாப்பிடுகிற யாருக்கும் இந்தச் சங்கடம் புரியும். நன்றாக இல்லை என்று சொன்னால் சமையல்காரர் மனம் நோகும். சொல்லாமல் விழுங்கினால் காசு கொடுத்த நம் வயிறு நோகும். நடுவில் அகப்பட்ட சர்வர், இந்தப் பக்கமும் பேச முடியாமல் அந்தப் பக்கமும் பேச முடியாமல் விழிப்பார்.

பல பேர் பேசாமல் தின்றுவிட்டுப் போவார்கள். அந்த டிரைவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். கதையே அதில்தான் இருக்கிறது.

ஏன் வறண்டது?

டிரைவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்தச் சமையலின் சுபாவமே அப்படி.

எலும்பு இல்லாத கோழித்துண்டுகளைத் தயிரிலும் மசாலாவிலும் ஊறவைப்பார்கள். கம்பியில் கோத்துத் தந்தூரி அடுப்புக்குள் இறக்குவார்கள். அது மண்ணால் செய்த ஆழமான அடுப்பு. கீழே நெருப்பு இருக்கும். சுற்றிலும் சுவர் தகதகக்கும். அந்த அனலில் துண்டுகள் சீக்கிரம் வெந்துவிடும். இதுதான் "சிக்கன் டிக்கா." டிக்கா என்றால் துண்டு.

கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தாலும் ஈரம் வற்றிவிடும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, சட்னியும் வெங்காயமும் வைத்துத் தின்கிறவர்களுக்கு அது தெரியாது. அதுதான் ருசி என்பார்கள்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களின் பழக்கம் வேறு. ஞாயிற்றுக்கிழமை என்றால் சுட்ட இறைச்சியின்மேல் குழம்பு ஊற்றித்தான் சாப்பிடுவார்கள். குழம்பு இல்லாத கறியைப் பார்த்தால், ரசம் இல்லாத சாப்பாட்டைப் பார்த்த மாதிரி அவர்களுக்கு இருக்கும்!

வயிற்றுப்புண்

தட்டு திரும்பி வந்த நேரத்தில் முதலாளி அஸ்லம் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா?

அவருக்கு அப்போது வயிற்றுப்புண். ஊருக்கெல்லாம் காரசாரமாகச் சமைத்துப் போடுகிறவர், தனக்கு மட்டும் தக்காளி சூப் வைத்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த தட்டையும் பார்த்தார். கையில் இருந்த சூப்பையும் பார்த்தார்.

கொஞ்சம் தக்காளி சூப்பை ஊற்றி, மசாலாவும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். அப்படியே செய்தார்கள். தட்டு மறுபடியும் டிரைவர் மேஜைக்குப் போனது.

டிரைவர் சாப்பிட்டார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது!

அதோடு போகவில்லை. கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் அதற்கு ஒரு பெயர் வைத்து, விலைப்பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

தக்காளியின் புளிப்பு வறண்ட கறிக்கு உயிர் கொடுத்தது. பிறகு சேர்த்த பாலேடு காரத்தை அடக்கியது. மிளகாய் தாங்காத உள்ளூர் நாக்குக்கு அது தோதாக அமைந்துவிட்டது.

முதலாளி சொன்னது வேறு

இந்தக் கதையை அஸ்லமே 2009-ல் நிருபர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொன்னதில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது.

"முதலில் சிக்கன் டிக்காதான் போட்டுக்கிட்டிருந்தோம். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருத்தர், 'இது கொஞ்சம் வறண்டு கிடக்குது, குழம்பு ஏதாவது ஊத்தினா தேவலை'ன்னு சொன்னார். சரி, குழம்போடு சமைச்சுப் பார்ப்போம்னு முடிவு பண்ணினோம்" என்ற கருத்தில் அவர் பேசினார். தயிர், பாலேடு, மசாலா ஆகியவற்றை அவர் குறிப்பிட்டார்.

மகன் சொன்னதில் பஸ் டிரைவர் வருகிறார், தக்காளி சூப் வருகிறது. தகப்பனார் சொன்னதில் வாடிக்கையாளர் வருகிறார், தயிர் வருகிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். கறி வறட்சி என்று ஒருவர் சொன்னார். அடுப்படியில் இருந்தவர் அதைக் காதில் வாங்கினார்.

பார்லிமெண்டில் மனு

2009-ல் விஷயம் பெரிதாகிவிட்டது. கிளாஸ்கோ எம்.பி. முகமது சர்வார் களத்தில் குதித்தார். சிக்கன் டிக்கா மசாலா கிளாஸ்கோவின் சொந்தச் சரக்கு என்று ஐரோப்பிய யூனியன் அங்கீகரிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டில் தீர்மானம் கொடுத்தார். காஞ்சீபுரம் பட்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் நம் நாட்டில் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்களே, அந்த மாதிரி ஒரு உரிமை.

ஆனால் அந்த உரிமை கிடைக்கவில்லை. "எங்கள் ஊரில்தான் முதலில் செய்தோம்" என்று மற்ற ஊர் ஓட்டல்காரர்களும் கிளம்பிவிட்டார்கள்.

டெல்லிக்காரர்களோ, "இது எங்கள் பட்டர் சிக்கனின் தம்பி" என்கிறார்கள். பெஷாவரிலிருந்து 1947-ல் அகதிகளாக வந்தவர்கள் டெல்லி தரியாகஞ்சில் நடத்திய "மோதி மஹால்" ஓட்டல், பட்டர் சிக்கனுக்குப் பேர்போனது. தக்காளி, வெண்ணெய், பாலேடு கலந்த குழம்பில் தந்தூரிக் கோழியைப் போடுவது அங்கே கிளாஸ்கோ சம்பவத்துக்கு முன்பே வந்துவிட்டது.

அதைக் கண்டுபிடித்தது யார் என்பதிலும் தகராறு! மோதி மஹாலைச் சேர்ந்த குடும்பத்துக்கும், "தரியாகஞ்ச்" என்ற பெயரில் ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் இடையே 2024 ஜனவரியில் டெல்லி ஐகோர்ட்டில் வழக்கு வந்தது. வழக்குக் கட்டு மட்டும் 2,752 பக்கம். கேட்ட நஷ்டஈடு சுமார் 2 கோடி ரூபாய்!

அந்த வழக்கிலும் ஒரு வேடிக்கை. விற்காமல் மிஞ்சிய தந்தூரிக் கோழி காய்ந்து போகிறதே என்ற கவலையில்தான் தங்கள் தாத்தா குழம்பைக் கண்டுபிடித்தார் என்று மோதி மஹால் குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள்.

டெல்லியிலும் வறண்ட கோழிதான். கிளாஸ்கோவிலும் வறண்ட கோழிதான்!

மந்திரி பெயர் "குக்"

பிரிட்டனின் வெளிநாட்டு மந்திரியாக இருந்த ராபின் குக், 2001 ஏப்ரலில் லண்டனில் பேசும்போது சிக்கன் டிக்கா மசாலாவைப் பற்றிக் குறிப்பிட்டார். "குக்" என்றால் ஆங்கிலத்தில் சமையல்காரர். பெயர்ப்பொருத்தம் அப்படி!

அது பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று அவர் சொன்னார். டிக்கா இந்தியாவிலிருந்து வந்தது. இறைச்சியைக் குழம்போடு சாப்பிட வேண்டும் என்ற பிரிட்டிஷ்காரர்களின் ஆசைக்காக மசாலாக் குழம்பு சேர்ந்தது. வெளியிலிருந்து வருவதை பிரிட்டன் எப்படித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்பதற்கு இதுவே உதாரணம் என்றார் மந்திரி.

மந்திரி மேடையில் விளக்கிய விஷயத்தை, பஸ் டிரைவர் சாப்பாட்டு மேஜையில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வறட்சி!"

அவர் சாப்பிட்டாரா?

அஸ்லம் 2022 டிசம்பரில் காலமானார். அவருக்கு வயது 77. துக்கத்துக்காக ஷீஷ் மஹால் ஓட்டல் 48 மணி நேரம் மூடப்பட்டது.

அவருடைய வாழ்க்கையே அந்த ஓட்டல்தான் என்று அவருடைய உறவினர் ஒருவர் நிருபர்களிடம் சொன்னார். தினமும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். சமையல்காரர்கள் அவருக்காகத் தனியாகக் கறி செய்து கொடுப்பார்கள்.

அவர் சிக்கன் டிக்கா மசாலாவை விரும்பிச் சாப்பிட்டாரா? அந்த உறவினருக்கே அது சந்தேகம்தான்! அடிக்கடி சாப்பிட்டதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

உலகமே தின்கிற பதார்த்தம். ஆனால் அது வாடிக்கையாளரின் நாக்குக்காகச் செய்தது. செய்தவரின் நாக்குக்காக அல்ல.

அந்த உறவினர் இன்னொன்றும் சொன்னார். இறப்பதற்கு முந்தைய வருடம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, ஆஸ்பத்திரியில் இருந்த அஸ்லத்தைப் பார்க்கப் போனாராம். பெரியவர் தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார். பத்து நிமிஷம் இருந்துவிட்டு உறவினர் கிளம்பினார். அப்போதுதான் பெரியவர் தலையைத் தூக்கினார்.

"நீ இப்போ வேலையில் அல்லவா இருக்கணும்" என்றார்!

பண்டிகை நாள். ஓட்டலில் கூட்டம் வரும் நேரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதும் அவர் நினைப்பு சாப்பிட வருகிறவர்கள் மேல்தான்.

டிரைவர் யார்?

ஓட்டல் முதலாளியின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. எம்.பி. பேசினார். மந்திரி பேசினார். டெல்லிக் குடும்பங்கள் கோர்ட்டு ஏறின.

ஆனால் தட்டைத் திருப்பி அனுப்பிய அந்த டிரைவரின் பெயர் எந்தக் கதையிலும் இல்லை. அவர் சண்டை போட்டதாகவும் கதை இல்லை. காசு கொடுக்க மாட்டேன் என்று கத்தியதாகவும் இல்லை. குறையைச் சொன்னார். சரிசெய்து கொடுத்ததும் சாப்பிட்டார். அடுத்த தடவை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

குறை சொன்ன அதே வாய் ஊரெல்லாம் நல்ல பேரும் சொல்லியது. ஓட்டல் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு என்ன?