வலைப்பக்கமும் விளக்குமாடமும்

பழைய வீடுகளின் சுவரில் விளக்குமாடம் இருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். கொத்தனார் சுவரை எழுப்பும்பொழுதே அவ்விடத்தை விட்டுவைக்கிறார். அதில் எவ்விளக்கை வைப்பது என்பதோ வீட்டினரின் விருப்பம். வலைப்பக்கங்களை அமைப்போரும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

1990ஆம் ஆண்டளவில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் எச்.டி.எம்.எல். மொழியை உருவாக்கினார். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி என அதில் சில குறிகளே இருந்தன. வேறு கருவியின் துணையின்றி நூறு பக்கங்களை எழுதுவோர், அவற்றின் அடியில் வரும் ஒரு சொல்லை மாற்ற விரும்பினால் நூறு இடங்களிலும் திருத்துதல் வேண்டும். ஒன்று விடுபடினும் பிழையே.

இத்தொல்லையைத் தீர்க்க உதவுவதே தனிப்பயன் உறுப்பு. 'பேஜ்-லேஅவுட்' என்று நாமே ஒரு குறிக்குப் பெயரிட்டு, அதன் அமைப்பை ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ஒருமுறை எழுதி, உலாவியிடம் பதிவு செய்துவிடலாம். அப்பெயரினுள் ஒரு சிறுகோடு கட்டாயம் வருதல் வேண்டும். எச்.டி.எம்.எல். தனக்கென வகுத்துக்கொள்ளும் பெயர்களில் சிறுகோடு வாராது. ஆதலின், நாளை புதிய குறிகள் பல தோன்றினும் அவை நம் பெயரோடு மோதா. எளிய விதிதான், எனினும் எத்துணை முன்னறிவு!

இவ்வுறுப்பினுள் விடப்படும் மாடங்களே ஸ்லாட்டுகள். தலைப்புக்கு ஒன்று, பக்கப்பட்டிக்கு ஒன்று எனப் பெயரிட்டு வைப்பர். பக்கத்தை எழுதுவோர் தம் பகுதிக்கும் அதே பெயரைக் குறித்தால், உலாவி அதனை உரிய மாடத்தில் காட்டும். பெயர் குறிக்கப்படாதவை பெயரில்லா ஸ்லாட்டில் அமையும். மாடம் வெறுமையாயின், அதற்கென முன்னரே எழுதி வைத்த சொற்கள் தோன்றும். 2020ஆம் ஆண்டில் எட்ஜ் உலாவியும் இம்முறையை ஏற்றபின், பெரிய உலாவிகள் அனைத்திலும் இஃது இயங்குகிறது.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நாம் எழுதிய பகுதி மாடத்திற்குள் இடம்பெயர்ந்துவிடுவதில்லை. அவ்விடத்தில் தோன்றுகிறது, அவ்வளவே. அது பக்கத்தில் தன் இடத்திலேயே இருக்கிறது. இதனை மறந்து, சொல்லவேண்டிய செய்தியையும் நிரலுக்குள்ளேயே திணித்துவிடுவோர் உளர்.

ஒரு மாணவி பேருந்தில் சென்றுகொண்டே தேர்வு அட்டவணையைக் கைப்பேசியில் திறக்கிறாள் என்று கொள்வோம். இணைப்போ நலிந்தது. பக்கம் வந்து சேர்ந்தது, நிரல் வரவில்லை. அட்டவணை நிரலுக்குள் இருந்தால் அவள் காண்பது வெறுந்திரையே. ஸ்லாட்டுக்கு உரியதாகப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தால், பக்கப்பட்டி ஓரத்தில் நில்லாது. தலைப்பும் அழகுற அமையாது. ஆயினும் நாளும் பாடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக அவள் கண்முன் நிற்கும்.