சிறுதொழிலும் ஊர்திக் காப்பீடும்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள சாலைகள் பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்கின்றன. கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு சிறு சுமையூர்திகள் புறப்படுகின்றன; தொலைதூர ஊர்களுக்கான லாரிகள் அவற்றை முந்திச் செல்கின்றன. லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்ற அவ்வூரில் முட்டை வணிகர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரிடம் இரண்டு சிறு சுமையூர்திகள், ஒரு லாரி, கடைகளில் பணம் பெற்றுவர ஓர் இருசக்கர ஊர்தி என நான்கு ஊர்திகள் உள்ளன. நான்கும் அவர் பெயரிலேயே பதிவாகியுள்ளன. "எல்லா வண்டிக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று அவர் உறுதியாகக் கூறுவார். அவ்வுறுதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் காண்போம்.

சட்டம் யாரைக் காக்கிறது?

ஊர்திக்குக் காப்பீடு செய்தால் தம் ஊர்தியைக் காத்துக்கொண்டோம் என்றே பலரும் கருதுகின்றனர். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதுவன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் இயங்கும் ஒவ்வோர் ஊர்திக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருத்தல் வேண்டும் என்கிறது. முதல் நபர் உரிமையாளர். இரண்டாம் நபர் காப்பீட்டு நிறுவனம். மூன்றாம் நபர் என்பவர் சாலையில் அவ்வூர்தியால் பாதிக்கப்படும் அயலார். சட்டத்தின் முதற்கவலை அந்த அயலாரைப் பற்றியதே. இக்கடமை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்று, 1946ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

இக்காப்பீட்டிற்கான கட்டணத்தை முனைமம் என்பர். பேச்சுவழக்கில் அது பிரீமியம். மூன்றாம் நபர் காப்பீட்டிற்குரிய முனைமத்தை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் வைத்துக்கொள்வதில்லை; அரசு அறிவிக்கிறது. 2022ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, சுமையுடன் 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கூர்திக்கு ஆண்டுக்கு 16,049 ரூபாய். அதற்கு மேல் 12,000 கிலோ வரை 27,186 ரூபாய். நம் வணிகரின் லாரி இரண்டாம் வகையைச் சார்ந்தது எனின், மூன்று சரக்கூர்திகளுக்கும் சேர்த்து 59,284 ரூபாய் ஆகிறது. முட்டை விலை இறங்கிய மாதத்தில் இத்தொகை பெருஞ்சுமையாகத் தோன்றும். ஓர் ஊர்திக்கு மட்டும் அடுத்த மாதம் செலுத்திக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும்.

அந்த ஒரு மாதத்தின் விலை என்ன? முப்பது வயதுடைய ஒருவர், தையற்கடை வைத்து மாதம் 20,000 ரூபாய் ஈட்டுபவர், அவ்வூர்தி மோதி உயிரிழந்தார் எனக் கொள்வோம். மனைவியும் இரு குழந்தைகளும் அவரையே நம்பியிருந்தனர். சரளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி தீர்ப்பாயம் கணக்கிடும். ஆண்டு வருவாய் 2,40,000 ரூபாய். வருங்கால வளர்ச்சிக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 3,36,000 ரூபாய். அவர்தம் சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2,24,000 ரூபாய். அவ்வயதிற்குரிய பெருக்கெண் 17. ஆக, இழப்பீடு 38,08,000 ரூபாய். ஈமச்சடங்கு முதலியவற்றிற்கான தொகைகள் இதன்மேல் சேரும்.

காப்பீடு நடப்பில் இருந்தால் இத்தொகையை நிறுவனம் வழங்கும். இல்லையெனின் உரிமையாளரே வழங்க வேண்டும். தனியொருவர் நடத்தும் தொழிலில் தொழிலின் சொத்து வேறு, வீட்டின் சொத்து வேறு என்னும் பிரிவு இல்லை. எஞ்சிய மூன்று ஊர்திகளும், குடியிருக்கும் வீடும் அக்கடனுக்கு உட்பட்டவை. மறுபுறம், அவரிடம் அவ்வளவு சொத்து இல்லையெனின் அந்தத் தையற்காரரின் குழந்தைகளுக்குக் கிடைப்பது தீர்ப்பின் நகல் மட்டுமே. காப்பீடின்றி ஊர்தி ஓட்டுவதற்கு முதன்முறை 2,000 ரூபாய் தண்டமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்பதை மட்டும் நினைவிற்கொண்டு அஞ்சுபவர், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவில்லை.

ஊர்திகள் பலவாக இருக்கும்போது இவ்விடர் மிகுகிறது. நான்கும் நான்கு வேறு மாதங்களில் வாங்கப்பட்டவை. நான்கு ஒப்பந்தங்கள் நான்கு நாள்களில் முடிவடையும். பழுதுபார்க்கும் பட்டறையில் நிற்கும் லாரிக்கு இப்போது எதற்கு என்று புதுப்பிக்காமல் விடுவோர் உண்டு. பட்டறைக்காரர் ஓட்டிப் பார்க்கச் சாலைக்குக் கொண்டுவரும் அந்த அரைமணி நேரமும் சட்டத்தின் கண்ணில் முழு நேரமே.

முனைமம் செலுத்தியும் கைவிடப்படும் இடங்கள்

நம் ஊர்களில் கோயில் திருவிழாவிற்கும் காதுகுத்து விழாவிற்கும் சுமையூர்தியில் உறவினரை ஏற்றிச் செல்லும் பழக்கம் இன்றும் மறையவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மாதானே நிற்கிறது, கொடுங்கள் மாமா" என்று கேட்பவரிடம் மறுத்துரைப்பது எளிதன்று. ஆயினும், சரக்கூர்தியில் கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்படுவோர்க்கு இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என ஆஷா ராணி வழக்கில் 2002ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சரக்கின் உரிமையாளரோ அவர்தம் சார்பாளரோ சரக்குடன் செல்லலாம். திருவிழாவிற்குச் செல்லும் இருபது பேர் அவ்வகையில் அடங்கார். ஊர்தி கவிழ்ந்தால், அன்பின் பொருட்டு இரவல் கொடுத்தவரே இருபது குடும்பங்களுக்கும் விடைசொல்ல நேரிடும். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் வீட்டிற்குச் சென்று சொல்ல வேண்டுமெனின் மாணவர்கள் இதனைச் சொல்லலாம்.

ஓட்டுநர் உரிமம் அடுத்த சிக்கல். இலகுரக ஊர்தி உரிமம் உடையவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து ஊர்தியையும் ஓட்டலாம் என்பதை 2024ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு உறுதிசெய்தது. சிறு சுமையூர்திகளுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் அதே ஓட்டுநரை, வழக்கமாக வருபவர் விடுப்பெடுத்த நாளில் லாரியில் ஏற்றினால் நிலை மாறிவிடும். அத்தகைய வழக்குகளில், பாதிக்கப்பட்டவர்க்கு நிறுவனம் முதலில் வழங்கிவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் அத்தொகையைப் பெற்றுக்கொள்ளலாம் எனத் தீர்ப்பாயங்கள் ஆணையிடுவதுண்டு. அயலார் காக்கப்படுகிறார், உரிமையாளர் காக்கப்படுவதில்லை.

சுமை ஏற்றி இறக்க உடன்செல்லும் தொழிலாளர் எத்தனை பேர் என்பது ஒப்பந்தத்தில் உரியவாறு இடம்பெற்றுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

தன் ஊர்திக்கான காப்பு

மோதல், தீ, திருட்டு, வெள்ளம் முதலியவற்றால் ஊர்திக்கே நேரும் சேதத்தை ஈடுசெய்வது சொந்தச் சேதக் காப்பு. இதனை மூன்றாம் நபர் காப்புடன் சேர்த்துப் பெறும்போது முழுமைக் காப்பீடு என்பர். பெயரில் முழுமை இருப்பினும் எல்லைகள் பல. ஊர்தியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைத்தே கணக்கிடப்படும். மூன்றாண்டு கடந்து நான்காம் ஆண்டு நிறைவுறாத ஊர்திக்கு 40 விழுக்காடு கழிவு. பத்து இலட்சம் ரூபாய் ஊர்தி முற்றிலும் எரிந்துபோனால் கிடைப்பது ஆறு இலட்சம்; அதிலும் கடன் கொடுத்த வங்கிக்கே முதலுரிமை. ரப்பர், பிளாஸ்டிக் பகுதிகளுக்குப் பாதி விலையே கிடைக்கும். வணிக ஊர்திகளில் விளக்குகள், மட்கார்டு, பம்பர், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் சேதத்திற்குக் கூடுதல் முனைமம் செலுத்தியிருந்தால்தான் ஈடு உண்டு. ஏற்றிச் சென்ற முட்டைகளோ இவ்வொப்பந்தத்தில் இல்லவே இல்லை. அவற்றிற்குச் சரக்குக் காப்பீடு தனியே பெற வேண்டும்.

வெள்ளநீரில் நின்ற ஊர்தியை அவசரப்பட்டு இயக்கி எந்திரம் பழுதானால், அது வெள்ளத்தால் விளைந்ததன்று, இயக்கியதால் விளைந்தது என நிறுவனங்கள் மறுப்பதுண்டு. இழுவை ஊர்தி வரும்வரை சாவியைத் தொடாதிருத்தலே தக்கது.

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேத முனைமத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனத் தள்ளுபடி படிப்படியாக உயரும். ஒருமுறை கோரினால் அது அடியோடு நீங்கும். மூன்றாண்டுகள் கோராதவர், 18,000 ரூபாய் முனைமம் உடையவர், நான்காம் ஆண்டில் 4,000 ரூபாய் நசுங்கலுக்காகக் கோரினால் அடுத்த ஆண்டு பெறவேண்டிய 45 விழுக்காடாகிய 8,100 ரூபாயை இழப்பார். சிறு சேதத்தைக் கைப்பணத்தால் சரிசெய்வதே அங்கு இலாபம். முடிவுற்ற ஒப்பந்தத்தைத் தொண்ணூறு நாள்களுக்குள் புதுப்பிக்காவிடினும் இத்தள்ளுபடி போய்விடும்.

விற்றும் விலகாத ஊர்தி

இறுதியாக, நம் வணிகர் எண்ண மறந்த ஐந்தாவது ஊர்தி ஒன்று உண்டு. ஈராண்டுகளுக்கு முன் பழைய சுமையூர்தி ஒன்றைத் தெரிந்தவருக்கு விற்றார். பணம் கைக்கு வந்தது, சாவியும் கைமாறியது, பதிவுச் சான்றில் பெயர் மட்டும் மாறவில்லை. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என 2018ஆம் ஆண்டு நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வாங்கியவர் காப்பீட்டைப் புதுப்பித்தாரா, யார் அதனை ஓட்டுகிறார் என்பவை வணிகருக்குத் தெரியா. இன்று காலையும் அது அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஏதோ ஒரு சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். உரிமை மாற்றத்தைத் தெரிவிப்பதற்கான படிவத்தில் அவர் அன்றே கையொப்பமிட்டிருந்தார்; வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் செல்ல வேண்டிய அத்தாள் கடை மேசையின் இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது.