உஷார்! பாட்டிலின் முன்பக்கம் பாரிஸ், பின்பக்கம் யார்?

புதுச்சேரியில் சென்ட் வாங்கப் புறப்பட்டிருக்கிறீர்களா? கடைக்காரர் உங்கள் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துவிட்டு, "ஒரிஜினல் பிரான்ஸ் சரக்கு சார்" என்றதும் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் என்ன அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வேறு எந்த ஊரிலும் 'பிரான்ஸ் சரக்கு' என்ற வார்த்தையை இவ்வளவு சுலபமாக நம்ப மாட்டார்கள். இங்கே நம்புகிறோம், காரணமும் இருக்கிறது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய பிறகும் பிரான்ஸோடு உறவு அறுந்துவிடவில்லை. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பாவோ அத்தையோ பெட்டியைத் திறந்தால் முதலில் வெளியே வருவது சோப்பும் சென்ட்டும்தான். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது சிலர் காசாக்குகிறார்கள்.

புதிதாக ஒரு மோகமும் சேர்ந்திருக்கிறது. எல்லோரும் அடிக்கும் பெரிய பிராண்டுகள் அலுத்துப்போன இளைஞர்கள், சிறிய நறுமண இல்லங்களின் 'நீஷ்' வாசனைகளைத் தேடுகிறார்கள். பாரிஸில் 1961-இல் கடை திறந்த டிப்டிக், 1976-இல் தொடங்கிய லார்ட்டிசான் பர்ஃபுமர், செர்ஜ் லுட்டான்ஸ் என்று பெயர்களை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ரசனையில் தவறில்லை. ஆனால் இந்த இல்லங்களின் ஒரு பாட்டில் 15,000, 20,000 ரூபாய் என்று போகிறது. அதே பெட்டி, அதே மூடி, 2,500 ரூபாய்க்குக் கைக்கு வந்தால் அது எங்கிருந்து வந்தது? "டெஸ்டர் பீஸ்" என்பார்கள். "கஸ்டம்ஸில் பிடிச்சது" என்பார்கள். "மச்சான் பிரான்ஸிலிருந்து கொண்டாந்தது, பில் கேட்காதீங்க" என்பார்கள். கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் அதிகம் எடுபடுகிறது. பில் இல்லாத சென்ட்டை, சொந்த மச்சானே கொடுத்தாலொழிய, தொடாதீர்கள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, இறக்குமதியாகி விற்பனைக்கு வரும் பாட்டிலில் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் அதைப் பெற்றவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பென்றால் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் வேண்டும். ரூபாயில் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணையும் பாட்டிலின் அடியில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சே வேண்டாம்.

பணம் போனால் போகட்டும் என்று விட முடியாது. சென்ட்டின் பெரும்பகுதி எத்தனால். அதற்குப் பதில் மலிவான மெத்தனால் கலந்த போலி சென்ட்டுகள் வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. மெத்தனால் என்ன செய்யும் என்று 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளில் பார்த்தோம். குடிப்பதும் தோலில் அடிப்பதும் ஒன்றல்ல, அது உண்மை. ஆனாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடிய விஷம் அது. யார் செய்தது என்றே தெரியாத திரவத்தைக் கழுத்தில் பூசிக்கொண்டு, கதவடைத்த ஏ.சி. அறையில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

"சென்ட்டே வேண்டாம், எனக்கு அத்தர் போதும், இயற்கையானது" என்பவர்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் சந்தன எண்ணெய் கிலோ லட்சம் ரூபாயைத் தாண்டும். அப்படியானால் 10 மில்லிக்கு எண்ணெயின் விலையே ஆயிரத்தை ஒட்டி வரும். 200 ரூபாய்க்குக் கிடைக்கும் 'சுத்த சந்தன அத்தர்' பாரஃபின் எண்ணெயிலோ வேறு கரைப்பானிலோ செயற்கை வாசனை கலந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம். திறந்தவுடன் மூக்கைத் துளைத்தால் இன்னும் எச்சரிக்கை; அசல் சந்தனம் அடக்கமாகத்தான் மணக்கும், மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும். செயற்கை வாசனை எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லி விற்பதுதான் கெடுதல்.

இயற்கை எண்ணெயும் சாதுவல்ல. பெர்கமாட் என்ற நாரத்தை இனப் பழத்தின் தோலெண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் சிவந்து, சென்ட் வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடு விழும், மாதக்கணக்கில் மறையாது. தோலில் தங்கும் பொருள்களில் இந்த எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச நறுமண அமைப்பான இஃப்ராவின் வரம்பு. பெயரில்லாத 'கைவினை' பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று யார் அளந்தார்கள்? கழுத்தில் அடித்துக்கொண்டு பட்டப்பகலில் பீச் ரோட்டில் நடக்காதீர்கள். சட்டை மேல் அடியுங்கள்.

பழைய சரக்கிலும் கவனம் வேண்டும். லிலியால் என்ற மலர்வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் தடைசெய்துவிட்டது. பழைய பெட்டிகளில் அது 'பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோப்பியோனல்' என்ற நீண்ட பெயரில் இருக்கும்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? அவசரப்படாமல். முதலில் காகிதப் பட்டையில் இரண்டு மூன்று வாசனை மட்டும் முகருங்கள். அதற்கு மேல் மூக்கு மழுங்கிவிடும். பிடித்த ஒன்றை ஒரு மணிக்கட்டில் அடித்துக்கொள்ளுங்கள். தேய்க்காதீர்கள். வாங்காமல் வெளியே வாருங்கள். முதல் பத்து இருபது நிமிடம் மணப்பது எலுமிச்சை, புதினா போன்ற சீக்கிரம் பறந்துபோகும் வாசனை. கடையில் ஆளை மயக்குவது அதுதான். பூவும் மசாலாவும் பிறகு வரும். கட்டை, பிசின், கஸ்தூரி வாசனைகள் சில மணி நேரம் கழித்தே வெளிப்படும். நம் ஊர்ப் புழுக்கத்திலும் வியர்வையிலும் அந்தக் கடைசி வாசனை இனிக்கிறதா, குமட்டுகிறதா என்பதைச் சாயங்காலம் வரை காத்திருந்து பாருங்கள். பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கலாம். அந்த இல்லமே விற்கும் சின்ன சாம்பிள் கிடைத்தால் அதுவே உத்தமம். லேபிள் இல்லாத குட்டி பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

மணிக்கட்டில் அரிப்போ தடிப்போ வந்தால் அந்த வாசனையை மறந்துவிடுங்கள். நறுமண ஒவ்வாமை ஒருமுறை பற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அதே வாசனைப் பொருள் கலந்த சோப்பு, ஷாம்பு எதைத் தொட்டாலும் திரும்ப வரும். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருக்காமல் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட் (patch test) பற்றித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரைக் கேட்காமல் எந்த சென்ட்டையும் வீட்டுக்குள் அடிக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெட்டி, பாட்டில், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.