தோல் வாசம் போன தாராவி

மும்பை சயான் ஸ்டேஷனில் இறங்கி 90 அடி ரோட்டில் நடந்தால் இட்லிக் கடை, முறுக்குக் கடை, தமிழ்ப் பத்திரிகை தொங்கும் பெட்டிக் கடை எல்லாம் கண்ணில் படும். பிள்ளையார் கோவில் மணியோசையும் காதில் விழும். ஆனால், ஒரு காலத்தில் இந்த ஊருக்கு அடையாளமாக இருந்த ஒன்றை மட்டும் இன்று காண முடியாது. அதுதான் தோல் பதனிடும் ஆலை.

மாகிம் ஸ்டேஷனை ரயில் நெருங்கும்போதே பயணிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்ட காலம் உண்டு. "தாராவி வந்துவிட்டது" என்று சொல்லப் பெயர்ப் பலகை தேவைப்படவில்லை. மூக்கே சொல்லிவிடும்! அந்த வாசத்தை நம்பித்தான் பல தமிழ்க் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

நெல்லையில் இருந்து வந்தவர்கள்

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். மித்தி ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், சேறு, அலையாத்திக் காடு. பம்பாய் நகரம் அப்போது தெற்கே இருந்தது. நாற்றம் தரும் தொழில்களை வெள்ளைக்கார நிர்வாகம் நகருக்கு வெளியே தள்ளியது. மாடு, ஆடு அறுக்கும் தொட்டி பாந்திராவில் இருந்தது. பச்சைத்தோல் அங்கே கிடைத்தது. கழிவைக் கொட்ட உப்பங்கழி பக்கத்திலேயே இருந்தது. கேட்க ஆள் இல்லை. 1887-ம் ஆண்டு தாராவிக்கு முதல் தோல் ஆலை வந்தது. பெரிய பள்ளிவாசல் எழுந்ததும் அதே ஆண்டுதான்.

ஆலை வைத்தவர்களில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அவர்களுக்குத் தோல் வியாபாரம் புதிதல்ல. சென்னை ராஜதானியில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், "கிழக்கிந்தியத் தோல்" என்ற பெயரில் லண்டன் சந்தையில் விலைபோய்க் கொண்டிருந்தது. அந்தக் கைப்பக்குவம் ரயிலேறி பம்பாய்க்கு வந்தது. முதலாளியைத் தொடர்ந்து வேலையாட்கள் வந்தார்கள். அவர்களில் பலர் நெல்லை மாவட்டத்து ஆதிதிராவிடர்கள்; ஊரில் நிலம் இல்லாதவர்கள், பண்ணையார் முன்னே துண்டை இடுப்பில் கட்டி நின்றவர்கள். மராட்டிய மண்ணிலேயே பரம்பரையாகத் தோல் வேலை செய்த டோர், சம்பார் சமூகத்தாரும் பக்கத்துத் தொட்டிகளில் நின்றார்கள். பாஷை வேறு, தொட்டி ஒன்று.

1913-ல் கணேசர் கோவில் எழுந்தது. 1924-ல் தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது. தாராவியின் முதல் பள்ளிக்கூடமே அதுதான் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது.

தொட்டிக்குள் வாழ்க்கை

தோல் ஆலையில் என்ன நடந்தது? இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. தாத்தா எதற்காக முழங்கால்வரை புண்ணோடு திரிந்தார் என்பது அப்போதுதான் புரியும்.

அறுப்புத் தொட்டியில் இருந்து வரும் தோல், உப்புப் போடாவிட்டால் மறுநாளே அழுகிவிடும். ஆகவே உப்புத் தடவி அடுக்குவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து ரத்தத்தையும் அழுக்கையும் கழுவுவார்கள். அடுத்தது சுண்ணாம்புத் தொட்டி. நாள் கணக்கில் ஊறினால் மயிர் தளரும். சாய்வான மரக்கட்டையின் மேல் தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் மேலே மயிரையும், அடியில் ஒட்டிய சதையையும் சீவி எடுப்பார்கள். அழுத்தம் கொஞ்சம் கூடினால் தோல் கிழியும். கிழிந்தால் விலை போகாது. குறைந்தால் சதை நிற்கும். கத்திக்காரன் கைதான் ஆலைக்கே முதல்!

அப்புறம் சுண்ணாம்பு நீக்கி, பட்டைச் சாறு நிரம்பிய குழிகளில் தோலைப் போட்டு, எடுத்து, புரட்டி, மறுபடி போட்டு, வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய்ப் பூச்சு, நிழலில் உலர்த்தல் என்று வேலை நீளும். 20-ம் நூற்றாண்டில் குரோமிய உப்பு வந்தது. சுழலும் பெரிய மர உருளைக்குள் போட்டால் வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்தது. முதலாளிக்கு லாபம். உப்பங்கழிக்குத்தான் கேடு. பட்டைக் கழிவு நாறியதோடு நின்றது; குரோமியம் சேற்றில் தங்கிவிட்டது.

ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் போடும் கணக்கு. அத்தனையும் வண்ண வண்ணமாக சாக்கடைக்குப் போனது. அந்தச் சாக்கடை ஓரத்தில்தான் குடிசை. மழைக்காலத்தில் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

சுண்ணாம்பில் நிற்பவனுக்குக் கால் விரலிடுக்கு வெடிக்கும். மயிர் நீக்கப் போடும் சல்பைடு, அமிலக் கழிவோடு கலந்தால் விஷவாயு கிளம்பும். குழியைக் கழுவ இறங்கி மயங்கி விழுவது எந்த ஊர்த் தோல் ஆலையிலும் உள்ள ஆபத்து. எத்தனை சோப்புப் போட்டாலும் வாசம் போகாது. வேலை முடிந்து பஸ் ஏறினால் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். செருப்பை எல்லோரும் போடுவார்கள். செருப்புக்குத் தோல் பதனிட்டவனை மட்டும் தள்ளி உட்காரச் சொல்வார்கள். ஊரை விட்டு வந்தாலும் சாதி விட்டுவிடவில்லை, வாசமாகக் கூடவே வந்தது.

திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி.செல்வராஜ் "தோல்" என்ற நாவலாக எழுதினார். 2012-ம் ஆண்டு அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. தாராவித் தொட்டிகளில் நின்றவர்கள் படித்தால், ஊர்ப் பெயர்தான் வேறு என்பார்கள்.

ஓரம் நடுவானது

நகரம் வடக்கே வளர்ந்தது. ஒதுக்குப்புறமாக இருந்த தாராவி, மும்பையின் நடு வயிறு ஆகிவிட்டது. 1971-ல் அறுப்புக் கூடம் பாந்திராவை விட்டு தேவ்னாருக்குப் போனது. தோல் வரும் வழி நீண்டது. 1970-களின் பிற்பகுதியில் மித்தி ஆற்றின் மறுகரையில் பாந்திரா-குர்லா வளாகத்துக்குத் திட்டம் தீட்டப்பட்டது. கண்ணாடி மாளிகைகளும் வைரச் சந்தையும் வரப்போகும் இடத்தின் எதிரே சுண்ணாம்புக் குழி எத்தனை நாள் நிற்கும்?

1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. ரோடு அகலமானது, சாக்கடை மூடப்பட்டது. அந்தக் காலகட்டத்தில் தோல் ஆலைகளும் தாராவியை விட்டு தேவ்னாருக்குப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று. சில போயின. சில மூடிவிட்டன. 1990-கள் முடிவதற்குள் தாராவியின் வாசமே மாறிவிட்டது.

ஆலைகள் போனது நல்லதுதான். அந்த நாற்றத்திலும் விஷத்திலும் குழந்தைகள் வளர்ந்திருக்கக் கூடாது. ஆனால், முதலாளிக்கு இடம் இருந்தது, இயந்திரம் இருந்தது, மாற்று யோசனையும் இருந்தது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவனிடம் சம்பளச் சீட்டுகூடக் கிடையாது. 30 வருஷம் தொட்டியில் நின்றதற்கு அவன் காட்டக்கூடிய அத்தாட்சி காலில் இருந்த வெடிப்பு ஒன்றுதான்.

கழிவும் ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியது. தாராவி கோடவுன்களில் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் லாரி ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் ஆலைகளில் பதனிட்ட தோல் திரும்பி வந்தது. தாராவிக்குக் கிடைத்தது சுத்தம். பாலாற்றங்கரைக் கிணறுகளுக்குக் கிடைத்தது உப்புக்கரிப்பு. பாலாற்று வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையான தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டில் கல்கத்தா தோல் ஆலைகளையும் நகரை விட்டு அகற்ற உத்தரவிட்டது.

தைக்கும் கைகள்

தோல் பதனிடுவது நின்றாலும் தோல் வியாபாரம் தாராவியை விடவில்லை. மாடிக்கு மாடி தையல் மெஷின் ஓசை. பை, பெல்ட்டு, மணிபர்ஸ், ஜாக்கெட்டு. சயான்-பாந்திரா இணைப்புச் சாலையில் குளிர்சாதனக் கடைகள். மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் இன்று உத்தரப்பிரதேச, பீகார்ப் பையன்கள் அதிகம். தமிழர் வீட்டுப் பிள்ளைகள் படித்து பாங்கிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் போகிறார்கள். தாத்தா பட்ட பாட்டுக்கு இதைவிட நல்ல பலன் ஏது? 2015-ல் மராட்டியத்தில் காளை, எருது அறுப்பும் தடை செய்யப்பட்ட பிறகு மாட்டுத்தோல் வியாபாரமும் அடி வாங்கியது.

இப்போது தாராவி முழுவதையுமே இடித்துக் கட்டப் போகிறார்கள். 2022-ல் அதானி குழுமம் டெண்டர் எடுத்தது. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டினால் தாராவியிலேயே வீடு. மற்றவர்களுக்கு வேறு இடம். அதற்குப் பார்த்த நிலங்களில் ஒன்று தேவ்னார் குப்பைமேடு. முன்பு தோல் ஆலையைப் போகச் சொன்ன அதே தேவ்னார்தான்!

மாசு தராத தொழில்களுக்குத் தாராவியிலேயே இடம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பை தைக்கும் பட்டறைக்கு அதனால் பயமில்லை. தோலுக்கு உப்புத் தடவும் கோடவுன் எந்தக் கணக்கில் வரும் என்று அதை நம்பிப் பிழைப்பவர்கள் கேட்கிறார்கள். தகரப் பெட்டியைத் திறந்து 1976-ல் குடிசைக் கணக்கெடுப்பின்போது கொடுத்த போட்டோ பாஸைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், பழைய தோல் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்.