முளைவிட்ட பார்லியும் ஒரு வெப்பமானியும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் மெல்போர்னில் வேலை பார்க்கிறாராம். விடுமுறை நாட்களில் சமையலறை அடுப்பில் பார்லி போட்டு பீர் காய்ச்சுகிறாராம். "கள்ளக்குறிச்சிச் செய்தியைப் பார்த்ததிலிருந்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இவன் செய்வது என்னவென்று விளங்கும்படி எழுதுங்கள்" என்பது கடிதத்தின் சாரம்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுகிற அந்த நஞ்சு, சாராயம் என்ற பெயரில் ஏழைகளுக்கு விற்கப்பட்டது. தானியம் நொதித்தால் உண்டாவது எத்தனால். மெத்தனால் உண்டாக வேண்டுமானால் பழத்தோலில் இருப்பது போன்ற பெக்டின் வேண்டும். பார்லியில் அது சொற்பம். தவிர, பீரை யாரும் ஆவியாக்கி வடித்துச் செறிவாக்குவதில்லை. ஆகவே மெத்தனால் மகனின் கண்பார்வையைப் பறிக்கும் ஆபத்தில்லை. கல்லீரலுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சொந்தத் தேவைக்கு பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை என்று 1963-இல் ஆனது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் தடையில்லை. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இங்கிருக்கும் வாசகர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

வீட்டில் பீர் காய்ச்ச இரண்டு வழிகள் உண்டு. டின்னில் விற்கும் மால்ட் பாகை வெந்நீரில் கரைத்து ஈஸ்ட் தூவுவது சுலபமான வழி. பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். அதில் எனக்குச் சுவாரசியமில்லை. பாதி வேலையை ஆலை முடித்துக் கொடுத்துவிடுகிறது. முளைகட்டி உலர்த்திய முழுப் பார்லியிலிருந்து, அதாவது மால்டிலிருந்து, ஆரம்பிப்பது இரண்டாவது வழி. ஐந்து லிட்டர் பீருக்கு 1.2 கிலோ உடைத்த மால்ட், பத்துப் பதினைந்து கிராம் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, நான்கு கிராம் உலர் ஈஸ்ட், சுமார் எட்டு லிட்டர் தண்ணீர். பாத்திரம் பன்னிரண்டு லிட்டர் பிடித்தால் போதும். தானியத்தை வலைத்துணிப் பையில் போட்டு அதே பாத்திரத்தில் ஊறவைத்து, பையை அப்படியே தூக்கிவிடும் முறை ஆஸ்திரேலியர்கள் பரப்பியது. பெரிய கலங்கள், குழாய்கள், வடிகட்டும் தொட்டி எதுவும் தேவையில்லை. சிறிய அளவில் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு: கெட்டுப்போனால் கொட்டிவிட மனசு வரும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஈஸ்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரை வேண்டும். அந்தச் சர்க்கரையைக் கடையில் வாங்கிப் போடுவதில்லை. பார்லியே செய்து கொடுக்கிறது. விதை முளைக்கும்போது, சேமித்து வைத்த மாவைச் சர்க்கரையாக உடைத்து இளஞ்செடிக்கு ஊட்ட அமைலேஸ் என்னும் நொதிகளைத் தயார் செய்கிறது. மால்ட் செய்பவர் அந்த நேரம் பார்த்து ஈரத்தை வாங்கி முளையை நிறுத்திவிடுகிறார். நொதிகள் மணிக்குள் அப்படியே உறங்கிக் கிடக்கின்றன. வெந்நீர் பட்டதும் எழுந்து, விட்ட வேலையைத் தொடர்கின்றன.

நொதிகளில் இரண்டு முக்கியம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீளமான சரம். எங்கள் தெருப் பூக்காரம்மா சரத்தை நுனியிலிருந்து அளந்துதான் நறுக்குவார். என் பேத்தி கையில் கத்தரி கிடைத்தால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுவாள். பீட்டா அமைலேஸ் பூக்காரம்மா ஜாதி: நுனியிலிருந்து இரண்டிரண்டாக நறுக்கி மால்டோஸ் தரும். ஆல்ஃபா அமைலேஸ் பேத்தி. அவள் வெட்ட வெட்டப் புதிய நுனிகள் கிடைப்பதால் பூக்காரம்மாவுக்கும் வேலை கூடுகிறது.

இருவருக்கும் ஒத்துக்கொள்ளும் வெப்பம் வேறு வேறு. பீட்டாவுக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை இதம். 70-ஐத் தொட்டால் சீக்கிரமே செயலிழந்துவிடும். ஆல்ஃபாவுக்கு 70-ஐ ஒட்டித்தான் சுறுசுறுப்பு. 64 டிகிரியில் ஊறவைத்தால் பெரும்பகுதி ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாகிறது. பீர் லேசாக, இனிப்பே இல்லாமல் வரும். 69-இல் வைத்தால் ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சி, நாக்கில் கனமாக நிற்கும். தானியம் அதே, தண்ணீர் அதே, ஐந்து டிகிரிதான் வித்தியாசம். பழகியவர்கள் 69 டிகிரி நீரில் தானியத்தைக் கொட்டி, அது 66-க்கு இறங்கியதும் பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி ஒரு மணி நேரம் விட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் எடுத்து நக்கிப் பார்த்தால் வெறும் மாவுக் கஞ்சி. கொஞ்ச நேரத்தில் இனிப்பு ஏறியிருக்கும். முடிந்ததா என்று பார்க்க வெள்ளைத் தட்டில் ஒரு துளி எடுத்து அயோடின் விடுவார்கள். கருநீலமானால் மாவுச்சத்து பாக்கி இருக்கிறது. அயோடின் நிறம் மாறாவிட்டால் வேலை முடிந்தது.

மனிதர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதியே மால்டில் இருந்து வந்ததுதான். பாரிஸில் பாயென், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் 1833-இல் அதைச் செய்தார்கள்.

இந்த நொதி நம் வீட்டு முளைகட்டிய கேழ்வரகிலும் உண்டு. முளைகட்டாத மாவில் கஞ்சி வைத்தால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகிறது. முளைகட்டிய மாவு அதே அளவில் நீர்க்கவே இருக்கிறது. கஞ்சி கொதிநிலைக்குப் போகும் வழியில் 60, 70 டிகிரியைக் கடக்கும்போதே நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதுதான் காரணம். கைக்குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சியென்றால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைப் போட்டு ஊட்டலாம். குழந்தைக்குச் சத்து அதிகம் கிடைக்கும். முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் மட்டும் வறுத்து அரைத்த நம் பாட்டிகள் நொதியின் பெயர் தெரியாமலே அதைக் காப்பாற்றினார்கள். இன்று மணம் வரவேண்டும் என்று சிவக்கச் சிவக்க வறுக்கிறோம்; நொதி அங்கேயே செத்துவிடுகிறது. கடையில் விற்கும் சில சத்துமாவுப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் கேழ்வரகுக்குப் போட்டியாகச் சர்க்கரை உட்கார்ந்திருக்கிறது. மெல்போர்ன் பையன் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டும் அக்கறையில் கால்வாசியாவது குழந்தைக் கஞ்சிக்கு நாம் காட்டலாம். பீர் என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதிலுள்ள அறிவியலையும் சேர்த்தே கைகழுவுவது நமக்குத்தான் நஷ்டம்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பொங்கி அடுப்பில் வழிவது இந்தக் கட்டத்தில்தான். ஆரம்பத்தில் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். அதிலுள்ள அமிலங்கள் நெடுநேரம் கொதித்து வடிவம் மாறினால்தான் அந்தக் கசப்பு நீரில் கரையும். கடைசி ஐந்து நிமிடத்தில் போடுவது வாசனைக்கு. பிறகு பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்து மளமளவென்று ஆறவைக்க வேண்டும். ஆறிய பிறகு சாற்றைத் தொடும் கரண்டி, குழாய், புனல் எல்லாம் கிருமிநீக்கம் செய்திருக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் காத்திருக்கிறது என்று தெரிந்தால் காற்றில் மிதக்கும் பாக்டீரியா சும்மா இருக்காது.

ஆறிய சாற்றில் தூவும் ஈஸ்டிலும் தரம் பார்க்க வேண்டும். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். நிறுவனம் அதை ரகசியமாகப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. அமில, காரத்தன்மையை அளக்கும் பிஹெச் அளவுகோலும் அதே ஆய்வகத்தில் 1909-இல் சோரன்சன் கொடுத்தது. நீரிழிவு மருந்திலிருந்து நீச்சல்குளம் வரை இன்று அது இல்லாமல் முடியாது.

சாதாரண ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் நொதிக்க 18 முதல் 20 டிகிரி போதும். கோடையில் அறை 30-ஐத் தாண்டினால் தின்னர் போன்ற நெடி வரும். சாற்றின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் முதலிலும் கடைசியிலும் அளப்பார்கள். 1.050-இல் தொடங்கி 1.012-இல் நின்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம்.

வாசகிக்கு ஒரு வார்த்தை. மகனிடம் மெத்தனாலைப் பற்றிக் கேட்க வேண்டாம். பாட்டிலைப் பற்றிக் கேளுங்கள். நுரைக்காக ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறேழு கிராம் சர்க்கரை சேர்த்துத்தான் பாட்டிலை மூடுவார்கள். நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு மூடினால் கரியமில வாயு பெருகிக் கண்ணாடி வெடிக்கும். வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு மோசமான காயங்கள் இப்படியும் நேர்கின்றன. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் அளவு மாறாமல் இருந்தால் மட்டுமே மூட வேண்டும். புதிதாகக் கற்பவர் தடித்த பிளாஸ்டிக் பீர் பாட்டிலைப் பயன்படுத்துவது நல்லது. கையால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துவிடும்; கல்போல் இறுகியிருந்தால் மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவை வெளியே விட்டுவிடலாம்.