மகனின் குடிப் பழக்கம்: புத்தி சொல்வதா, கேள்வி கேட்பதா?

குடியை விடும்படி மகனிடம் பலமுறை கெஞ்சியிருப்பீர்கள், கண்டித்தும் இருப்பீர்கள். இப்போது குடும்பச் சேவை நிலையத்திலிருந்து சமூகச் சேவை ஊழியர் வீட்டுக்கு வருகிறார். அவராவது மகனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்தீர்கள். அவரோ கேள்விகளையே கேட்கிறார். ஏன்?

இது என்ன முறை?

இதற்கு 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்று பெயர். மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு உதவிவந்த உளவியல் அறிஞர் வில்லியம் மில்லர், 1983ல் இதைப் பற்றி முதன்முதலாக எழுதினார்.

குடிப்பவர் பலரின் மனத்தில் இரண்டு எண்ணங்கள் இருக்கும். ஒன்று, "விட்டுவிட வேண்டும்". மற்றொன்று, "விட முடியாது". நாம் "விடு, விடு" என்று வற்புறுத்தினால், அவர் விட முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். சொல்லச் சொல்ல அந்த எண்ணமே வலுப்பெறும். ஏன் விட வேண்டும் என்பதை அவரே சொன்னால் மாற்றத்துக்கு வழி பிறக்கும்.

ஊழியர் என்ன செய்வார்?

• "இதைப் பற்றிப் பேசலாமா?" என்று முதலில் அனுமதி கேட்பார்.
• "குடியால் வீட்டில் என்ன மாறியிருக்கிறது?" என்பதுபோல் மனம்விட்டுப் பேசவைக்கும் கேள்விகளைக் கேட்பார்.
• "பிள்ளைகள் பயப்படுவது உங்களுக்கு வேதனையாக இருக்கிறது" என்று, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்வார்.
• குடியைக் குறைப்பது எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வார். மகன் "4" என்றால், "ஏன் 2 என்று சொல்லவில்லை?" என்பார். அந்தப் பதிலில் மாற்றத்துக்கான காரணம் இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மகன் குடித்திருக்கும்போது பேச வேண்டாம். தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள்.
• "நேத்து சாப்பிடாம படுத்துட்டே. எனக்குக் கவலையா இருந்துச்சு. உனக்கு எப்படி இருக்கு, ஐயா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.
• "குறைக்கணும்மா" என்று அவர் சொன்னால், "இதைத்தானே பத்து வருஷமா சொல்றேன்!" என்று சொல்லிவிடாதீர்கள். "எப்படி ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள்.
• இரண்டு நாள் குடிக்காமல் இருந்தால், அதைக் கவனித்ததாகச் சொல்லுங்கள்.

கனிவாகப் பேசுவதால் எல்லாவற்றுக்கும் இணங்க வேண்டியதில்லை. குடிக்கப் பணம் கேட்டால் மறுக்கலாம். ஒரே உரையாடலில் மாற்றம் வராமல் போகலாம். முடிவெடுக்க வேண்டியவர் மகன். அவர் மாறாவிட்டால், அது உங்கள் குற்றமன்று.

கவனத்தில் கொள்ளுங்கள்

• நெடுங்காலமாக அதிகம் குடித்தவர் திடீரென அடியோடு நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். நிறுத்தும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிப்பு வந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.
• மகன் உங்களை அடித்தாலோ மிரட்டினாலோ பேசிச் சரிசெய்ய முயல வேண்டாம். வன்முறைக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண்: 1800-777-0000 (24 மணி நேரமும்). உடனடி ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள்.

உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தைப் பற்றி அறிய, கோம்கேர் தொலைபேசி எண் 1800-222-0000ஐ அழையுங்கள். தமிழில் பேச விரும்பினால் முதலிலேயே சொல்லுங்கள். மகன் வர மறுத்தாலும், நீங்கள் மட்டும் சென்று பேசலாம்.