மூன்று மணி நேரக் கல்யாணம், ஒரே வட்டு
மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுத்த கல்யாண வீடியோவைக் கணினியில் ஏற்றினால் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு எல்லாமாக மூன்று மணி நேரம் என்றால் 39 ஜிபி. பெண் வீட்டார் கேட்பதோ ஒரே ஒரு டிவிடி. அதன் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கணினியோ 4.38 என்று காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வட்டு தயாரிப்பவர் 1000 மடங்குகளாக எண்ணுகிறார், கணினி 1024 மடங்குகளாக எண்ணுகிறது.

வட்டில் அடங்குவது சுமார் 3,760 கோடி பிட். அதை 10,800 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு 35 லட்சம் பிட்கூட முழுசாகத் தேறாது. இதற்குள் படமும் ஒலியும் அடங்க வேண்டும். பலர் கோட்டை விடுவது ஒலியில்தான். சுருக்காத ஒலி மட்டுமே நொடிக்கு 15 லட்சம் பிட்டை விழுங்கிவிடும். டால்பி முறையில் சுருக்கினால் 2 லட்சத்துக்குள் முடிந்துவிடும். நாதஸ்வரக்காரரே கேட்டாலும் குறை சொல்வது கஷ்டம்.

மிச்சமிருப்பது 33 லட்சம். சுருக்காத படத்துக்கோ நொடிக்கு 12 கோடிக்கு மேல் வேண்டும். அப்படியே பதிந்தால் ஐந்தே நிமிடத்தில் வட்டு நிறைந்துவிடும். டிவிடியின் எம்பெக்-2 முறை இதை இரண்டு வழிகளில் சமாளிக்கிறது. பன்னிரண்டு சட்டகங்களுக்கு ஒன்றை மட்டும் முழுப் படமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் எது எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. அடுத்து, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைப் பூஜ்ஜியமாக்குகிறது. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974-ல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். பெங்களூரில் பிறந்த அகமது இந்த ஆய்வுக்காக அமெரிக்க அரசின் அறிவியல் நிதியத்திடம் பணம் கேட்டபோது, தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்!

இந்த இரண்டு வழிகளும் திணறும் இடம் ஒன்று உண்டு: கெட்டிமேளம். நூறு கைகள் ஒரே நேரத்தில் அட்சதை தூவுகின்றன. ஒவ்வொரு அரிசியும் தன் போக்கில் பறக்கிறது. போதாக்குறைக்கு ஃபிளாஷ் வெளிச்சம் வேறு. முந்தைய சட்டகத்தைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க வழியே இல்லை. எல்லா நொடிக்கும் ஒரே அளவு பிட் கொடுத்திருந்தால், பந்தியில் இலை பளிச்சென்று தெரியும், தாலி கட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடையும்.

அதனால்தான் இரண்டு சுற்று முறை. முதல் சுற்றில் மென்பொருள் படம் முழுவதையும் பார்த்து, எங்கே கடினம் என்று குறித்துக்கொள்ளும். அடுத்த சுற்றில், மேடையில் அசையாமல் நிற்கும் உறவினர்களிடம் மிச்சம் பிடித்ததை அட்சதைக்குச் செலவழிக்கும். அதற்கும் வரம்பு உண்டு: டிவிடி படத்துக்கு அனுமதித்த உச்சம் நொடிக்கு 98 லட்சம் பிட். இரண்டு சுற்று என்பதால் சுருக்கும் நேரம் இரட்டிப்பாகும்தான், ஆனால் இதில் அவசரப்படுவது வீண்.

அப்படியும் போதவில்லையா? படத்தின் அகலத்தை 720 புள்ளியிலிருந்து 352 ஆகக் குறைக்கலாம். டிவிடி விதிகள் அதற்கு இடம் தருகின்றன. கட்டம் கட்டமாக உடைந்த படத்தைவிடக் கொஞ்சம் மங்கிய படம் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. மங்கலான விளக்கில் எடுத்த காட்சியின் பொரிப்பொரியான இரைச்சலை முன்பே வடிகட்டிவிடுவதும் நல்லது, அந்தப் பொரிகளும் பிட் கேட்கும். எது செய்தாலும் மூலக் கேசட்டிலிருந்தே செய்யுங்கள். ஒருமுறை சுருக்கிய டிவிடியை மறுபடி சுருக்கினால், முதல் சுருக்கத்தின் பிழைகளைக் காப்பாற்றவும் பிட் செலவாகும்.